பத்து மில்லி ரத்தமும் பாதைப் பாத்தியமும்

உத்தமபாளையம்,
28.08.2025

தேனி மாவட்டம், உத்தமபாளையத்தில் தாலுகா ஆபீஸுக்குப் பின் தெருவில் குடியிருக்கும், காலஞ்சென்ற சுருளியாண்டி அவர்களின் மூத்த மகன் சுந்தரலிங்கமாகிய நான், மேற்படி மாவட்டம், பெரியகுளம் வட்டம், ஜெயமங்கலத்தில் மாமனார் வீட்டுத் தெருவில் குடியிருக்கும், மேற்படி சுருளியாண்டி அவர்களின் இளைய மகன் வீரணனாகிய உனக்கு, சுய நினைவோடும், பிறர் தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இல்லாமலும், மனப்பூர்வமாக எழுதிக்கொண்ட கடிதம் என்னவென்றால்:

அன்புத் தம்பி வீரணா, இங்கே நானும் உன் மதினி முத்துலட்சுமியும் நலம், அங்கே நீயும் அக்கம்மாளும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதிய கை, உள்ளதற்கு மாறாக ஒரு வரி எழுதக் கூசுகிறது. ஆகவே உள்ளபடி சொல்கிறேன். உன் மதினி நலம். நான் நூற்றெழுபதுக்கு நூற்றிரண்டு. இது இன்று காலை மூன்று மாத்திரை போட்ட பிறகு எடுத்த பிரஷர் அளவு. பன்னிரண்டு வருடமாக ஒரு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று அண்ணன் ரிஜிஸ்தர் தபால் அனுப்புகிறானே, என்ன வில்லங்கமோ என்று நீ நினைப்பாய். வில்லங்கம் ஏதும் இல்லை. எனக்கு உன் ரத்தம் பத்து மில்லி வேண்டும்.

அதற்கு முன் கேஸ் விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நீ என் மேல் கோர்ட்டில் கேஸ் போட்டிருப்பதாகச் சின்னமனூரிலிருந்து பெரியகுளம் வரை ஒரு பேச்சு கிளம்பி, அது உன் காதுக்கும் வந்திருக்கும். அந்தப் பேச்சு கிளம்பிய இடம் என் வீட்டு அடுப்படி. போன வாரம் தேனியிலிருந்து என் டாக்டர் அம்மா போன் செய்தார். எனக்கு இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது. போட்டேன். "ஐயா, ஒங்க ரிசல்ட் வந்துருச்சு. இதுல நீங்க கேஸ், ஒங்க தம்பி கன்ட்ரோல். அவுக வந்தாத்தான் கேஸை மேல கொண்டுபோக முடியும். எப்பக் கூப்பிட்டு வர்றீக?" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. "ஆத்தாடி! கொழுந்தனாரு கேஸ் போட்டுட்டாகளா? நான் அன்னைக்கே சொன்னேன்ல, அந்தப் பாதை விஷயம் ஒருநா கோர்ட்டுக்குப் போகும்னு!" பத்திர எழுத்தனோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் கேஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். நான் போனை வைப்பதற்குள் அவள் தன் தங்கைக்குச் சொல்லிவிட்டாள். தங்கை சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் வக்கீல் தமிழ்மாறன் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, நம்ம பாதை கேஸுதானே? வேற யார்ட்டயும் போயிராதீக. கன்ட்ரோல் எல்லாம் தம்பி கையில இருக்குன்னு மதினி சொன்னாக. பயப்படாதீக, ஸ்டே வாங்கிருவோம்." ரத்த அழுத்தத்துக்கு ஸ்டே கொடுப்பார்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே அறியவும்: நான் தேனியில் பிரஷரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறேன். அந்த ஆராய்ச்சி பாஷையில் கேஸ் என்றால் வியாதி உள்ளவன். கன்ட்ரோல் என்றால் வியாதி இல்லாதவன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஆள். நான் கேஸ், நீ கன்ட்ரோல். கோர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீ கேஸ் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். போட்டிருக்கலாம். பன்னிரண்டு வருடமாக நீ போடவில்லை.

நான் இந்த ஆராய்ச்சியில் எப்படிச் சேர்ந்தேன் என்பதையும் ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றால், இடது கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. வலி இல்லை. உன் மதினி பார்த்துவிட்டு, காலங்காத்தால யாரைப் பாத்து முறைச்சீக என்று கேட்டாள். கண் டாக்டர், கண்ணில் கோளாறு இல்லை, பிரஷரைப் பாருங்கள் என்றார். பிரஷரைப் பார்த்தால் இருநூறுக்கு நூற்றுப் பத்து. ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இறங்கவில்லை. இரண்டானது, மூன்றானது. உப்பைக் குறைத்தேன், ஊறுகாயை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், பேப்பரில் தலையங்கம் படிப்பதைக்கூட நிறுத்தினேன். பிரஷர் மட்டும் பழைய குடியிருப்பாளன் மாதிரி காலி செய்ய மறுத்துவிட்டது. இப்போது சிறுநீரகத்திலும் லேசாகத் தொட ஆரம்பித்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மாத்திரை கொடுத்த டாக்டர்தான், தேனியில் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே அனுசுயா என்று ஒரு டாக்டர் அம்மா, போடிப் பக்கத்துப் பெண், நல்ல பொறுமைசாலி. பொறுமைசாலி என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதல் நாள் ஆராய்ச்சிக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்க இரண்டு பக்கத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு மோசமாக வரைந்த ஒரு பத்திரத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. சொத்து விவரம் இல்லை. நான்கெல்லை இல்லை. 'சுமார் பத்து மில்லி' என்று போட்டிருந்தார்கள். பத்திரத்தில் சுமார் என்ற சொல் வரலாமா? எல்லாவற்றுக்கும் மேலே, 'பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்' என்று ஒரு ஷரத்து. அப்படி எழுதினால் ஊரில் எந்தக் கிரயம் நிற்கும், எந்தக் கல்யாணம் நிற்கும்? சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். 'என் முழு அனுபோகத்தில் இருந்து வரும் இடது கை முழங்கை மடிப்பில் உள்ள ரத்தக்குழாயில், தோளுக்கு மேற்கு, மணிக்கட்டுக்குக் கிழக்கு, விலாவுக்குத் தெற்கு, கட்டில் விளிம்புக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பத்து மில்லி ரத்தம்' என்று விவரம் எழுதினேன். கிழக்கே தலை வைத்து மல்லாந்து படுத்திருந்ததால் அந்த எல்லை சரி. டாக்டர் அம்மா அதை முழுவதும் வாசித்தார். பிறகு, "ஐயா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீக. ஆனா மேலிடத்துல இதை ஒத்துக்க மாட்டாக. நாளைக்கு நீங்க மேற்கே தல வச்சுப் படுத்தா என்ன பண்றது?" என்றார். அது நியாயமான ஆட்சேபணைதான். அவர்கள் படிவத்திலேயே கையெழுத்துப் போட்டேன், கீழே 'பிழைகளோடு ஏற்றுக்கொள்கிறேன்' என்று குறிப்பு எழுதி.

அதற்கு அடுத்த தொல்லை படுப்பதில் வந்தது. ரத்தம் எடுக்கும் பெண் ஜெபா, நம் ராயப்பன்பட்டிக்காரி. "ஐயா, அரை மணி நேரம் எதையும் நெனைக்காமப் படுத்திருங்க. ஒடம்பு அமைதியானாத்தான் ரத்தம் எடுக்கணும்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். எதையும் நினைக்காமல் இருப்பது எப்படி என்று அவள் சொல்லவில்லை. முதலில் மேலே ஓடுகிற மின்விசிறியை நினைத்தேன். மின்விசிறியிலிருந்து தோட்டத்து மோட்டார், மோட்டாரிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து கிழக்கே உன் பங்கு, உன் பங்கிலிருந்து பாதை. பாதைக்கு வந்த பிறகு அதை விட்டு மனம் நகரவில்லை. ஜெபா வந்து அளந்து பார்த்துவிட்டு, "படுக்குறப்ப நூத்தி அறுவத்தெட்டு, ஓய்வெடுத்த பெறகு நூத்தி எம்பத்தெட்டு. ஐயா, நீங்க படுத்திருந்தீகளா, சுருளி மலையேறிட்டு வந்தீகளா?" என்றாள். மூன்று தடவை படுக்கவைத்தார்கள். மூன்று தடவையும் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து நான் களைத்துப்போனதுதான் மிச்சம். கடைசியில் இருக்கிற பிரஷரோடேயே ரத்தத்தை எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு மெஷினைக் கையில் கட்டி அனுப்பினார்கள். ஒரு பகல், ஓர் இரவு அதோடு இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அது தானாகக் காற்று ஏற்றிக் கையை இறுக்கி அளவு எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கையை அசைக்காமல் நேராகத் தொங்கவிட வேண்டும். எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். அன்றைக்கென்று சின்னமனூரில் என்னிடம் பத்திரம் எழுதிய பழைய கட்சிக்காரர் ஒருவர் தவறிப்போனார். போகாமல் இருக்க முடியுமா? மாலையைப் போட்டுவிட்டு நிமிர்கிறேன், சட்டைக்குள் மெஷின் உறுமிக்கொண்டு கையை இறுக்கியது. விதிமுறைப்படி இடது கையை விறைப்பாகத் தொங்கவிட்டு, அசையாமல், பிரேதத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவரும் மாலையைப் போட்டுவிட்டு இடது கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் நின்றார். நான் வெளியே வந்து டீ குடித்து பஸ் ஏறும் வரைக்கும் வரிசையில் எல்லாரும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்கள். இறந்தவருக்கு அது நல்ல மரியாதையாக அமைந்துவிட்டதால் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. மறுநாள் டாக்டர் அம்மா அந்த மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி, என் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். துக்க வீட்டில் நூற்று ஐம்பத்தாறு. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது நூற்றறுபது. உன் மதினியோடு சண்டை போட்டபோதுகூட நூற்று அறுபத்திரண்டுதான். பகல் மூன்றரை மணிக்கு மட்டும் நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு நூற்றுப் பதினான்கு. "மூணரைக்கு என்ன பண்ணீக ஐயா? ஓடுனீகளா, மூட்டை தூக்குனீகளா?" என்று கேட்டார். நோட்டில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னேன். 'தோட்டத்துப் பாதை முகப்பில், கல் அருகே நின்றேன்.' அவர் இரண்டு தடவை வாசித்தார். "சும்மா நின்னதுக்கா?" என்றார். சந்தேகம் தீர மறுவாரம் மறுபடியும் மெஷினைக் கட்டி அனுப்பினார்கள். கல் அருகே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. "அந்தக் கல்லுகிட்டப் போகாதீக ஐயா" என்று சொல்லிவிட்டார். என் தோட்டத்துக்குள் போக எனக்கு வேறு வழி கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

அடுத்தது ரத்த அணு விஷயம். இவர்கள் எண்ணிக்கொண்டிருப்பது பிரஷரை இல்லை. ரத்தத்தில் வெள்ளை அணு இருக்கிறதல்லவா, அதன் மேல் ஏதோ ரிசெப்டர் என்று இருக்கிறதாம். நான் அதை ரிசப்ஷன் என்று கேட்டு, ரத்தத்துக்குள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டேன். டாக்டர் அம்மா சிரிக்காமல் விளக்கினார். "அது காது மாதிரி ஐயா. பயமோ கோவமோ வந்தா ஒடம்பு அட்ரினலின்னு ஒண்ண ரத்தத்துல விடும். அதுதான் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேக்குற காது இதயத்துலயும் இருக்கு, ரத்தக்குழாய்லயும் இருக்கு. அங்கன போயி எங்களால எண்ண முடியாது. வெள்ளை அணு மேலயும் அதே மாதிரிக் காது இருக்கு. ரத்தத்தை எடுத்து அதை எண்ணுனா, மத்த எடத்துல என்ன நடக்குதுன்னு ஒரு அனுமானம் கெடைக்கும்." எனக்கு எத்தனை காது என்று கேட்டேன். "கொறைஞ்சிருக்கு. உள்ள ஓயாமச் சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா, அணு தன் காதை உள்ளுக்கு இழுத்துக்கிரும். அதுக்கும் தாங்கணும்ல?" என்றார்.

யார் சத்தம் போடுவது என்று கேட்டேன். உங்கள் உடம்புதான் என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். அது தெரியாதாம். எல்லாருக்கும் இப்படிக் குறைவதில்லையாம், சிலருக்குக் கூடவும் செய்யுமாம், சத்தத்தால் பிரஷர் வந்ததா, பிரஷரால் சத்தம் வந்ததா என்பதே இன்னும் தீராத வழக்காம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரைத் தேடுகிறார்கள். ஒருவருக்குப் பிரஷர் இருக்க வேண்டும், ஒருவருக்கு இருக்கக்கூடாது. இரண்டு பேர் ரத்தத்தையும் ஒரே நாளில் எடுத்து, ஐஸில் வைத்து, எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பிலேயே வந்தது எவ்வளவு, பிறகு நாமாகச் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாமாம். உடன்பிறந்தவர் யாராவது உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'உண்டு. ஒருவன்' என்று எழுதினேன்.

ஜெயமங்கலத்தில் நடந்த முகாமில் உனக்குப் பிரஷர் பார்த்தார்களாம், நூற்றிருபதுக்கு எண்பதாம், அறுபத்து மூன்று வயதில் ஒரு மாத்திரை கிடையாதாம். அங்கே போய்வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் பொய். கோபம்தான் வந்தது. பாதை இல்லாமல் போனவன் நீ. திராட்சைப் பெட்டியைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஆள் கிடைக்காமல், இரண்டு போகத்துக்குப் பிறகு கொடியை வெட்டிப் போட்டுவிட்டு மாமனார் ஊருக்குப் போனவன் நீ. முழுப் பாதையையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். உனக்கு நூற்றிருபது, எனக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு என்றால் இது எந்த ஊர்க் கணக்கு? இதை டாக்டர் அம்மாவிடமே கேட்டேன். அதுதான் எங்களுக்கும் தெரிய வேண்டும், தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பாதை விஷயத்தை இந்தக் கடிதத்திலேயே நேர் செய்துவிடுகிறேன். 2013ஆம் வருடம் நாம் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில், உன் பங்குக்குப் போகிற வடவோரப் பாதைக்கு 'ஆள், வண்டி, கால்நடை போக வரப் பாத்தியம்' என்று வந்திருக்க வேண்டும். 'ஆள், கால்நடை போக வரப் பாத்தியம்' என்று வந்துவிட்டது. வண்டி என்ற ஒரு சொல் விடுபட்டது, அப்போது என்னிடம் டைப் அடித்துக்கொண்டிருந்த யுவராணியின் கைப்பிசகு. கம்ப்யூட்டரில் அடிக்கும்போது இப்படி நேர்வதுண்டு. பாதை முகப்பில் நான் கல் நட்டதும் உன்னை உத்தேசித்து அல்ல, வெளியூர் லாரிகள் உள்ளே வந்து திரும்பாமல் இருக்கத்தான். இப்போது 'எழுத்துப் பிழையால் விடுபட்ட வண்டி என்ற சொல்லைச் சேர்த்து வாசிக்கவும்' என்று ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்து வை. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். பன்னிரண்டு வருடத்துக்கு இந்தச் சின்ன விஷயம் நீண்டிருக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 11ஆம் தேதி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தேனிக்கு வந்துவிடு. பெரியகுளம் வந்து பஸ் மாறினால் ஒரு மணி நேரப் பயணம்தான். வெறும் வயிற்றோடு வரவேண்டும், காபி கூடாது. ஜெபா வலிக்காமல் எடுப்பாள். படுக்கச் சொன்னால் படு. எதையும் நினைக்காதே என்றால் உன்னால் முடியும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நீ வராவிட்டால் என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஜோடி இல்லாத கேஸ் அவர்களுக்கு உபயோகப்படாது. வைத்தியம் அதோடு நின்றுவிடாது, மாத்திரை கொடுப்பார்கள். ஆனால் வீரணா, எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும் இதே வயதில்தான் ஒரு நாள் காலையில் வாய் கோணியது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. நீ வெளியூரில் இருந்து வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. எனக்கும் அப்படி நடந்தால், உனக்குத் தகவல் சொன்னால் நீ வருவாயா என்பதே எனக்குத் தெரியவில்லை.

அக்கம்மாளுக்கும் உன் மகள் விஜிக்கும் என் ஆசீர்வாதம். உன் மதினி எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சுருளி ஆண்டவன் உன்னைத் தீர்க்காயுசாக, இதே நூற்றிருபதுக்கு எண்பதில் வைத்திருக்கட்டும்.

இந்தப்படிக்கு என் சம்மதத்தில் எழுதிக்கொண்ட கடிதம்.

உன் அண்ணன்,
சு. சுந்தரலிங்கம்
பத்திர எழுத்தர் (ஓய்வு)

சாட்சி: முத்துலட்சுமி, க/பெ. சுந்தரலிங்கம் (கையெழுத்து இல்லை)

பின்குறிப்பு (மறுநாள், 29.08.2025): சாட்சிக் கையெழுத்து ஏன் இல்லை என்று நீ கேட்பாய். நேற்று எழுதி முடித்ததும் வழக்கப்படி உன் மதினிக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "பொய்ப் பத்திரத்துக்கு நான் சாட்சி போட மாட்டேங்க. யுவராணி புள்ள தலையில எதுக்குப் போடுறீக? நீங்க எழுதிக் குடுத்ததத்தானே அது அடிச்சுச்சு? அன்னைக்கு நான் காப்பி கொண்டாந்து வைக்கிறப்ப, வண்டிங்கிற சொல்லு மேல நீங்க சிவப்பு மையில கோடு போட்டதப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்" என்றாள். பன்னிரண்டு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் பார்த்தது உண்மை. பத்திரம் எழுதுவதற்கு முந்தின வாரம் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டிராக்டர் வாங்கினாய். மாலை போட்டு, பொட்டு வைத்து, ஊரே வந்து சுற்றி நின்று பார்த்தது. முதல் ஓட்டம் ஓட்ட என்னைக் கூப்பிடுவாய் என்று சட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. மறந்திருப்பாய். எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "அண்ணே எழுதுனதுல வாசிக்க என்ன இருக்கு" என்று நீ போட்டுவிட்டாய். உன் டிராக்டர் நுழையாத அகலம் பார்த்து, முழம் போட்டு அளந்துதான் அந்தக் கல்லை நட்டேன்.

யுவராணி கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். சொல்லை விழுங்குகிற பெண் என்று பேர் வந்ததால் வேறு எந்த எழுத்தரும் அவளை வைத்துக்கொள்ளவில்லை. அவளிடமும் போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.

ஆகவே மேலே எழுதியதில் பாதை சம்பந்தப்பட்டது அத்தனையும் ரத்து. இணைத்திருக்கும் பிழைத்திருத்தல் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நடந்தது பிழை இல்லை, ஆகையால் அதைத் திருத்தி எழுத முடியாது. பாதையை உனக்கு விட்டுக்கொடுத்துப் புதிதாகத்தான் எழுத வேண்டும். இந்தத் தடவை நீ வேறு ஆளை வைத்து எழுதச் சொல்லி, ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. ரத்தம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், தேனிக்கு நீ வராவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். இன்று காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லை அசைத்துப் பார்த்தேன். மூன்றடி ஆழம் தோண்டி நட்டிருக்கிறேன், என் ஒருவனால் ஆகவில்லை. அந்த டிராக்டர் இன்னும் உன்னிடம் ஓடுகிறது என்று கேள்வி. சங்கிலி போட்டு இழுத்தால்தான் வரும், அதிலேயே வா.